கடலோடி பதில்கள்: அரசு ‘போகாதே’ என்று சொல்லும் இடங்கள்

சென்ற இதழில் செங்கடல் பற்றி இரண்டு வரி எழுதியதற்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. பாதிக்கு மேல் தூத்துக்குடி, குமரி, இராமநாதபுரம் பக்கத்துக் கடிதங்கள். ஆகவே இந்த மாதம் முழுவதும் அதே பேச்சுதான். கலங்கரை விளக்கத்தில் குடும்பத்தோடு தங்க முடியுமா என்று கேட்ட சேலம் வாசகர் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: அண்ணாச்சி, என் மகன் எண்ணெய்க் கப்பலில் ஏ.பி.யாக (தேர்ந்த மாலுமியாக) இருக்கிறான். அடுத்த பயணம் செங்கடல் வழியாக என்று சொல்லியிருக்கிறார்களாம். ‘நான் வரவில்லை’ என்று சொல்ல அவனுக்கு உரிமை உண்டா? சொன்னால் வேலை போய்விடாதா?
- ஒரு தாய், தூத்துக்குடி

பதில்: உரிமை உண்டு அம்மா. ஆனால் எல்லாக் கப்பலிலும் ஒரே மாதிரி இல்லை.

கப்பல் முதலாளிகளும் சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனமும் உட்கார்ந்து சம்பளம் பேசுவதற்கு ஐ.பி.எஃப். என்றொரு மன்றம் இருக்கிறது. ஒரு கடற்பகுதியைப் ‘போர் நடவடிக்கைப் பகுதி’ என்று அது அறிவித்துவிட்டால், அதன் ஒப்பந்தத்துக்கு உட்பட்ட கப்பலில் வேலை செய்பவர் அங்கே வர மறுக்கலாம். செங்கடலின் தென்பகுதியை 2023 டிசம்பரில் அது ஆபத்துப் பகுதிகளின் பட்டியலில் சேர்த்தது. 2024 மார்ச்சில் அதைப் போர் நடவடிக்கைப் பகுதியாக்கியபோது வர மறுக்கும் உரிமையும் சேர்ந்தது. மறுத்தவரை நிறுவனம் தன் செலவில் ஊருக்கு அனுப்ப வேண்டும். இரண்டு மாத அடிப்படைச் சம்பளத்தை இழப்பீடாகவும் தர வேண்டும். போக ஒப்புக்கொண்டவருக்கு அந்தப் பகுதியில் இருக்கும் நாட்களுக்கு அடிப்படைச் சம்பளம் இரட்டிப்பு. உயிரிழப்புக்கும் உடல் ஊனத்துக்கும் உரிய தொகையும் இரட்டிப்பு. பட்டியல் அவ்வப்போது மாறும். ஆகவே கப்பல் புறப்படும் தேதியில் அது எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

எனவே உங்கள் மகன் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, தன் கப்பல் அந்த ஒப்பந்தத்துக்குள் வருகிறதா என்பது. கையெழுத்துப் போட்ட பத்திரத்தில் கூட்டு ஒப்பந்தத்தின் பெயர் இருக்கும். புரியவில்லையென்றால் அவன் சேர்ந்திருக்கும் தொழிற்சங்கத்தில் கப்பலின் பெயரைச் சொல்லிக் கேட்கட்டும். மறுப்பதானால் எழுத்தில், கேப்டனிடம், இறங்குவதற்கு ஒரு துறைமுகம் மீதமிருக்கும்போதே மறுக்க வேண்டும். செங்கடலின் தெற்கு வாசலான பாப் எல் மாண்டெப் நீரிணைக்கு அரை நாள் தொலைவில் நின்றுகொண்டு ‘வரவில்லை’ என்றால், எவ்வளவு நல்ல கேப்டனாக இருந்தாலும் அவரால் ஒன்றும் செய்ய இயலாது.

வேலை போகுமா? சட்டப்படி போகக் கூடாது. நடைமுறையில், அடுத்த ஒப்பந்தத்துக்குப் பேசும்போது ஏஜென்ட் போனை எடுக்காமல் இருப்பதுண்டு. இதை மறைத்து உங்களிடம் வீரம் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் மறுபக்கம் இருப்பதையும் சொல்ல வேண்டும். 2023 நவம்பரில் ஏமனின் ஹூதி கிளர்ச்சிப் படையினர் ஹெலிகாப்டரில் வந்து இறங்கிப் பிடித்த ‘கேலக்ஸி லீடர்’ கப்பலின் 25 பேர் வீடு திரும்பியது 2025 ஜனவரியில். 2024 மார்ச் 6 அன்று ஏவுகணை பட்ட ‘ட்ரூ கான்ஃபிடன்ஸ்’ கப்பலில் மூன்று மாலுமிகள் இறந்தார்கள். தப்பியவர்களை நம் கடற்படையின் ‘ஐ.என்.எஸ். கொல்கத்தா’ மீட்டது. அந்தக் கப்பல்களில் இருந்தவர்களும் உங்கள் மகனைப் போல மாதச் சம்பளத்துக்குப் போனவர்கள்தான்.

என் சொந்த அபிப்பிராயம்: வீட்டில் கடன் அழுத்தாவிட்டால் இறங்கிவிடட்டும். கடன் இருந்தால் அவன் உங்களைக் கேட்காமலே போய்விடுவான். அப்படிப் போனால், நெருங்கிய உறவினர் படிவத்தில் உங்கள் பெயரும் வங்கிக் கணக்கு எண்ணும் சரியாக இருக்கின்றனவா என்று மட்டும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அவன் வாட்சில் (காவல் பணியில்) இருக்கும் நேரத்தில் போன் செய்து அழாதீர்கள்.

கேள்வி: சோமாலியக் கடற்கொள்ளையர்கள் ஒழிந்துவிட்டார்கள் என்று படித்தேன். உண்மையா?
- ஓய்வுபெற்ற தமிழாசிரியர், விருதுநகர்

பதில்: கப்பல் தொழில் அமைப்புகளும் அப்படித்தான் நினைத்தன. இந்தியப் பெருங்கடலுக்குப் போட்டிருந்த ‘அதிக ஆபத்துப் பகுதி’ என்ற முத்திரையை 2023 ஜனவரி 1 அன்று எடுத்துவிட்டார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள், டிசம்பரில், ‘ரூயன்’ கப்பல் கடத்தப்பட்டது. அதையே தாய்க்கப்பலாக வைத்துக்கொண்டு வேட்டைக்குக் கிளம்பியவர்களை 2024 மார்ச்சில் நம் கடற்படை வழிமறித்தது. விமானத்திலிருந்து கமாண்டோக்கள் கடலில் குதித்தார்கள். 35 கொள்ளையர் சரணடைந்தனர். 17 மாலுமிகள் உயிரோடு மீண்டனர். ஒழியவில்லை ஐயா, காவல் இருந்தவரை அடங்கியிருந்தார்கள்.

கேள்வி: ஏமனில் வெல்டர் வேலை, மாதம் எண்பதாயிரம் என்கிறார் ஏஜென்ட். ஓமன் விசாவில் போய் அங்கிருந்து சாலை வழியாகக் கூட்டிக்கொண்டு போவார்களாம். ஒன்றரை லட்சம் கேட்கிறார். அரசு தடை செய்திருப்பதாக நண்பன் சொல்கிறான். தடையா, வெறும் அறிவுரையா?
- மு.க., பரமக்குடி

பதில்: தம்பி, உன் நண்பன் சொன்னதைக் கேள்.

அறிவுரை என்பது ‘போனால் உன் பொறுப்பு’ என்று சொல்வது. மீறினால் குற்றமில்லை. ஏமன் விஷயம் அப்படியன்று. இந்தியக் குடிமக்கள் அங்கே செல்வதற்கு 2017இல் மத்திய அரசு அறிவிக்கை போட்டுத் தடை விதித்தது. மீறினால் பாஸ்போர்ட்டைப் பறிக்க 1967ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடமிருக்கிறது. எவ்வளவு கண்டிப்பான தடை என்றால், மரண தண்டனை விதிக்கப்பட்ட கேரளச் செவிலியர் நிமிஷா பிரியாவின் தாய், மகளுக்காக மன்றாட ஏமன் போவதற்கே டில்லி உயர் நீதிமன்றத்தின் படியேற வேண்டியிருந்தது. 2023 டிசம்பரில் அனுமதி கிடைத்து, 2024 ஏப்ரலில்தான் அந்த அம்மாளால் போக முடிந்தது. பெற்ற தாய்க்கே அந்த நிலை என்றால், உன் ஏஜென்ட் எந்த வழியில் உன்னை உள்ளே விடப்போகிறார் என்று யோசி.

சனாவில் இருந்த நம் தூதரகம் 2015 போரின்போதே மூடப்பட்டது. அங்கே முதலாளி உன் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு மூன்று மாதம் சம்பளம் தரவில்லை என்றால் நீ எந்தக் கதவைத் தட்டுவாய்?

விசா ஒரு நாட்டுக்கு, வேலை இன்னொரு நாட்டில் என்று யார் சொன்னாலும் அங்கேயே எழுந்து வந்துவிட வேண்டும். தாய்லாந்தில் கணினி வேலை என்று கூட்டிப்போய், ஆற்றைக் கடக்க வைத்து, மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கூடங்களில் நம் பையன்களை அடைத்தது இதே முறையில்தான். வெளியுறவு அமைச்சகம் 2022இலேயே அதைப் பற்றி எச்சரித்தது. அப்போதும் பையன்களின் காதில் விழுந்தது ஏஜென்டின் குரல்தான். அவர் ஊர்க்காரர், அரசாங்கம் டில்லியில் இருக்கிறது.

இன்னொன்று. பதிவு பெற்ற ஏஜென்ட் உன்னிடம் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். ஒன்றரை லட்சம் கேட்கும்போதே அவர் யார் என்று தெரிந்துவிட்டது. ‘இ-மைக்ரேட்’ தளத்தில் அவர் பதிவு எண்ணைத் தேடிப் பார். கிடைக்காது என்பது என் ஊகம். சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகம் இருக்கிறது. அங்கே புகார் எழுதிக் கொடு. நீ போகாமல் இருந்தால் மட்டும் போதாது, உனக்கு அடுத்து அவர் வீட்டு வாசலில் நிற்பவனும் போகக் கூடாது.

கேள்வி: அரசு விடும் எச்சரிக்கைகள் எல்லாம் நாளைக்குப் பழி வந்துவிடக் கூடாது என்று எழுதிவைத்துக்கொள்ளும் காகிதங்கள்தானே? யாருக்காவது பயன்பட்டிருக்கிறதா?
- எஸ்.ஆர்., கோயம்புத்தூர்

பதில்: பாதி உண்மை. அந்தப் பாதியை முதலில் ஒப்புக்கொள்கிறேன்.

2022 பிப்ரவரியை எடுத்துக்கொள்ளுங்கள். 15ஆம் தேதி கீவ் நகரில் இருந்த நம் தூதரகம், ‘தங்கியிருப்பது அவசியமில்லாதவர்கள், குறிப்பாக மாணவர்கள், தற்காலிகமாக வெளியேறுவதைப் பற்றி யோசிக்கலாம்’ என்றது. மருத்துவம் படிக்கப் போன பிள்ளைக்குத் தங்கியிருப்பது அவசியமா, இல்லையா? வகுப்புக்கு வராவிட்டால் வருகைப் பதிவு போய்விடும் என்கிறது கல்லூரி. விமான டிக்கெட் விலையோ தலைக்கு மேல். 20ஆம் தேதி மொழி கொஞ்சம் இறுகியது: மாணவர்கள் வெளியேறுமாறு அறிவுறுத்தப்படுகிறார்கள். 22ஆம் தேதி, இணைய வகுப்பு பற்றிக் கல்லூரி சொல்லட்டும் என்று காத்திருக்காமல் கிளம்புங்கள் என்றார்கள். 24ஆம் தேதி குண்டு விழுந்தது, வான்வெளி மூடியது. மார்ச் 1 அன்று கார்கிவ் நகரில் உணவுப்பொருள் வாங்க வரிசையில் நின்ற கர்நாடக மாணவர் கொல்லப்பட்டார். பிறகு ‘ஆபரேஷன் கங்கா’வில் சுமார் 22,500 பேரை அழைத்து வந்தார்கள். அது பெரிய காரியம்தான். ஆனால் 15ஆம் தேதி அறிக்கையில் ‘யோசிக்கலாம்’ என்பதற்குப் பதில் ‘கிளம்புங்கள்’ என்று இருந்து, கூடவே இரண்டு விமானங்களும் வந்திருந்தால் அதில் பாதிக் காரியம் தேவைப்பட்டிருக்காது.

ஏமனில் 2015இல் தலைகீழ். தூதரகம் மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருந்தது, நம்மவர்கள் கிளம்பவில்லை. சம்பள பாக்கி இருந்தது, பாஸ்போர்ட் முதலாளியிடம் இருந்தது, ஊரில் வட்டி ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் ‘ஆபரேஷன் ராஹத்’தில் 4,640 இந்தியர்களையும், 41 நாடுகளைச் சேர்ந்த 960 பேரையும் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஏடன் துறைமுகத்தில் குண்டுச் சத்தத்துக்கு நடுவே ‘ஐ.என்.எஸ். சுமித்ரா’ ஆள் ஏற்றியது. போரில் மாட்டிக்கொண்டவனைப் பார்த்து ‘எச்சரித்தோமே, ஏன் வரவில்லை’ என்று கேட்பவர்கள் அவனுடைய கடன் பத்திரத்தையும் ஒரு முறை படித்துவிட்டுக் கேட்க வேண்டும்.

இப்போது நீங்கள் கேட்காத இன்னொரு பாதி. எச்சரிக்கை காகிதம்தான்; ஆனால் அந்தக் காகிதம் வெறுமனே கிடப்பதில்லை. கடலில் அது பணமாகவும் துப்பாக்கியாகவும் மாறுகிறது.

சோமாலியக் கொள்ளை உச்சத்தில் இருந்த 2010 வாக்கில் ‘அதிக ஆபத்துப் பகுதி’யின் கிழக்கு எல்லையை 78 பாகை தீர்க்கரேகை வரைக்கும் இழுத்தார்கள். வரைபடத்தை விரித்துப் பாருங்கள்: நம் மேற்குக் கடற்கரையே அதற்குள் வந்துவிடும். கொச்சிக்கு வரும் கப்பலுக்கும் போர் அபாயக் காப்பீட்டுக் கட்டணம் ஏறியது. பயந்த கப்பல்களில் ஆயுதக் காவலர்கள் ஏறினார்கள். 2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கரைக்கு அப்பால், ‘என்ரிகா லெக்சி’ என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் காவலுக்கு இருந்த கடற்படையினர், மீன்பிடித்துக்கொண்டிருந்த படகைக் கொள்ளையர் படகு என்று சுட்டார்கள். இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். ஒருவர் நம் குமரி மாவட்டத்துக்காரர். வழக்கு உலகத்தைச் சுற்றி வந்து, 10 கோடி ரூபாய் இழப்பீட்டோடு 2021இல் உச்ச நீதிமன்றத்தில் முடித்துவைக்கப்பட்டது. இந்தியா தொடர்ந்து முறையிட்டதால் 2015 டிசம்பரில் அந்த எல்லையை 65 பாகைக்குப் பின்னுக்குத் தள்ளினார்கள். அந்தக் கோடு முதலிலேயே அங்கே நின்றிருந்தால் என்று நான் பல நாள் நினைத்திருக்கிறேன்.

தூத்துக்குடிக்காரர்களுக்கு ‘சீமேன் கார்டு ஓஹியோ’ நினைவிருக்கும். அதுவும் இந்த ஆயுதக் காவல் வியாபாரத்தின் கப்பல்தான். 2013 அக்டோபரில் ஆயுதங்களோடு பிடிபட்டது. அதிலிருந்த 35 பேருக்கு 2016இல் ஐந்து ஆண்டு சிறை, 2017இல் மதுரைக் கிளையில் விடுதலை. பிரிட்டன், எஸ்தோனியா, உக்ரைன் என்று பல நாட்டுக்காரர்கள் நம் ஊர்ச் சிறைச் சாப்பாட்டைச் சாப்பிட்டார்கள்.

ஆகவே, எச்சரிக்கை யாருக்காவது பயன்பட்டதா என்று கேட்டால், காப்பீட்டுக்காரர்களுக்குத் தவறாமல் பயன்பட்டது. உங்களுக்கும் பயன்பட வேண்டுமானால் மொழி மென்மையாக இருக்கும் முதல் அறிக்கையிலேயே கிளம்பிவிடுங்கள். இறுகிய மொழி வரும்போது விமானம் இருக்காது.

கேள்வி: பாய்மரப் படகில் உலகம் சுற்ற ஆசை. ஏடன் வளைகுடா வழியே போனால் சூயஸ் குறுக்கு வழி. தனிப்படகை யார் கவனிக்கப் போகிறார்கள்?
- பொறியாளர், பெங்களூரு

பதில்: 2011 பிப்ரவரியில் டென்மார்க்கைச் சேர்ந்த ஏழு பேர், மூன்று குழந்தைகள் உட்பட, இதே கணக்குப் போட்டார்கள். கொள்ளையரிடம் சிக்கி, செப்டம்பரில்தான் விடுதலையானார்கள். அதே பிப்ரவரியில் ‘குவெஸ்ட்’ என்ற படகில் போன நான்கு அமெரிக்கர்கள் திரும்பவே இல்லை. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போங்கள், அங்கே காற்று நன்றாக இருக்கும்.

கேள்வி: என் கணவர் ஈரானில் மீன்பிடி விசைப்படகில் வேலை பார்க்கிறார். அந்தப் பக்கம் சண்டை என்று தொலைக்காட்சியில் சொல்லும் போதெல்லாம் சோறு இறங்குவதில்லை. நான் இங்கிருந்து என்ன செய்ய முடியும்?
- ஒரு சகோதரி, குளச்சல் அருகே

பதில்: தங்கச்சி, முதலில் தொலைக்காட்சியை அணைத்துவிடு. பிறகு இவற்றைச் செய்.

அவருடைய பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்கங்கள், விசா, படகின் பெயர், பதிவு எண், முதலாளியின் பெயர், தொலைபேசி எண், படகு எந்தத் துறையில் கட்டுகிறது என்பது. இவ்வளவும் ஒரே தாளில் உன் கையில் இருக்க வேண்டும். பாஸ்போர்ட் முதலாளியிடம் இருந்தால் படமாவது இருக்கட்டும். சண்டை வந்த பிறகு இவற்றைக் கேட்டு வாங்க முடியாது. முதலில் போவது போன் இணைப்புதான். தெஹ்ரானில் உள்ள தூதரகத்தில் அவர் தம் பெயரைப் பதிவு செய்திருக்கிறாரா என்று கேள். பந்தர் அப்பாஸில் துணைத் தூதரகமும் இருக்கிறது. மீனவர்களுக்குக் கிட்டம் அதுதான். ஒரு படகில் நம்மவர் ஐந்து பேர் இருந்தால் ஐந்து வீட்டுக்காரர்களும் ஒரே மனுவாக எழுதுங்கள். அயலகத் தமிழர் நலத்துறைக்கும் உங்கள் மாவட்ட ஆட்சியருக்கும் பிரதி அனுப்புங்கள். பங்குத்தந்தையிடமும் ஒன்று கொடுத்து வை. குமரி மாவட்டத்தில் அந்தக் கடிதம் எவ்வளவு தூரம் போகும் என்று உனக்கே தெரியும்.

நம்பிக்கைக்கு ஒன்று சொல்கிறேன். 2020இல் கொரோனாவால் ஈரான் கரையில் மாட்டிக்கொண்ட மீனவர்கள் உட்பட 650க்கு மேற்பட்டவர்களை ‘ஐ.என்.எஸ். ஜலாஷ்வா’ பந்தர் அப்பாஸில் ஏற்றி, ஜூலை முதல் தேதி தூத்துக்குடியில் இறக்கியது. யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்ற பட்டியல் முன்னதாகத் தயாராக இருந்தால்தான் அப்படி ஏற்ற முடியும். உன் கணவரின் பெயர் அந்த மாதிரிப் பட்டியலில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: எச்சரிக்கை உள்ள நாட்டுக்குச் சுற்றுலா போனால் பயணக் காப்பீடு செல்லுமா?
- வங்கி அதிகாரி (ஓய்வு), மயிலாப்பூர்

பதில்: பெரும்பாலான பாலிசிகளில் போரும் உள்நாட்டுக் கலவரமும் விலக்குப் பட்டியலில் இருக்கும். எச்சரிக்கை வந்த பிறகு வாங்கிய பாலிசிக்கு இன்னும் கடுமையாகப் பார்ப்பார்கள். சிறிய எழுத்தைப் படியுங்கள். வங்கியில் இருந்தவர், உங்களுக்கு அது புதிதன்று. எச்சரிக்கை நிரந்தரமும் அன்று: 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு இலங்கைக்குத் தேவையற்ற பயணம் வேண்டாம் என்ற இந்தியா, சுமார் ஒரு மாதத்தில் அதைத் தளர்த்தியது. பிரிட்டன், அமெரிக்க அரசுகளின் தளங்களையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. பிரிட்டன், ஒரு நாட்டுக்குள்ளேயே எந்த மாவட்டம் ஆகாது என்று வரைபடத்தில் நிறம் பூசிக் காட்டுகிறது. நம்முடையது பெரும்பாலும் இரண்டு பத்தி.

கேள்வி: கொள்ளையர் பிணையாகப் பிடித்து வைத்திருக்கும் காலத்துக்குச் சம்பளம் உண்டா? ‘வேலை செய்யவில்லையே’ என்று முதலாளி கைவிரித்தால்?
- கடல்சார் கல்லூரி மாணவன், சென்னை

பதில்: நீ படிப்பை முடித்துக் கப்பல் ஏறும்போது உனக்கு உண்டு. முன்பு பலருக்கு இல்லை.

‘அஸ்பால்ட் வெஞ்சர்’ கதையைத் தெரிந்துகொள். 2010 செப்டம்பரில் கடத்தப்பட்ட கப்பல். 15 பேரும் இந்தியர்கள். 2011 ஏப்ரலில் பணம் கைமாறியது. கப்பலையும் எட்டுப் பேரையும் விட்டவர்கள், ஏழு பேரை மட்டும் கரைக்கு இழுத்துப் போனார்கள். இந்தியக் கடற்படை பிடித்து வைத்திருக்கும் தங்கள் ஆட்களை விட்டால்தான் இவர்களை விடுவோம் என்றார்கள். பணம் கொடுத்த பிறகு இப்படி ஒரு நிபந்தனை வந்ததை அந்தத் தொழிலில் யாரும் எதிர்பார்க்கவில்லை. அந்த ஏழு பேர் வெளியே வந்தது 2014 அக்டோபர் இறுதியில். நான் அப்போது ஏடன் வளைகுடா வழியாகப் போய்வரும் கப்பல்களில் தலைமை அதிகாரியாக இருந்தேன். கம்பிச் சுருளை ரெயிலிங் முழுக்கச் சுற்றுவோம், தீயணைப்புக் குழாய்களைக் கடல் பக்கம் திருப்பி இரவு பகலாகப் பீய்ச்ச விடுவோம், ‘பாய்லர் சூட்’ என்னும் பழைய வேலை உடைக்குள் துணி திணித்து மேல்தளத்தில் ஆள்போல நிறுத்துவோம். மெஸ்ஸில் பேச்செல்லாம் அந்த ஏழு பேரைப் பற்றித்தான். கொள்ளையரைப் பற்றி எங்கள் பையன்கள் அவ்வளவு பேசவில்லை. அந்த வீடுகளுக்கு மாதச் சம்பளம் போகிறதா என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் 2018இல் ஒப்புக்கொண்ட திருத்தம் 2020 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. கொள்ளையராலோ ஆயுதக் கும்பலாலோ சிறைப்பட்டிருக்கும் காலம் முழுவதும் ஒப்பந்தம் உயிரோடு இருக்கும். ஒப்பந்தத் தேதி முடிந்துவிட்டது என்றுகூடச் சொல்ல முடியாது. விடுதலையாகி வீடு வந்து சேரும் வரை சம்பளமும், வீட்டுக்கு அனுப்பச் சொல்லியிருந்த தொகையும் போக வேண்டும். சிறைப்பட்ட நிலையில் இறந்துபோனால் இறந்த தேதி வரை.

முதலாளி ஓடிப்போனால்? 2017 முதல், கைவிடப்பட்ட மாலுமிக்கு நான்கு மாதச் சம்பளம் வரை பொறுப்பேற்கும் காப்பீட்டுச் சான்று கப்பலில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். பெரும்பாலும் மெஸ் வாசல் பலகையில் இருக்கும். யாரும் படிப்பதில்லை. ஏறிய முதல் நாளே அதைப் போனில் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பு. காப்பீட்டு நிறுவனத்தின் பெயரும் தொடர்பு எண்ணும் அதில் இருக்கும். சான்று காலாவதியாகியிருந்தால் அந்தக் கப்பல் எந்தக் கடலுக்குப் போனாலும் சரி, அடுத்த துறைமுகத்தில் இறங்கிவிடு.